சரிவில் பழகிய பிடி

ஹட்டனில் ஒரு சினிமாக் கொட்டகை. அதன் முன்னால் சிமெந்து போட்ட சின்ன முற்றம். முற்றத்தில் என் தங்கச்சி புருஷன் செல்லமுத்து மல்லாந்து கிடக்கிறான். அவன் வயிற்றின் மேல் கொட்டகையின் வாசல்காரன் பியசேன, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறான்.

பகல் படத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. மழை விட்டு வெயில் அடித்ததால் சிமெந்திலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் வடை பொரிகிற மணம். கடைக்காரன் கரண்டியோடு வாசலுக்கே வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்சம் முன்னால்தான் செல்லமுத்து தரையில் படுத்து, பியசேனவை இரண்டு கால்களுக்கும் நடுவில் வாங்கி, காலால் வெட்டிச் சாய்க்கப் பார்த்தான். பியசேன சாயவில்லை. மறுபடி வெட்டினான். தண்ணீர்த் தொட்டியை உதைத்தது போல இருந்தது. பிறகு பியசேன அந்தக் காலை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, வேலியைத் தாண்டுகிறவன் மாதிரித் தாண்டி, ஏறி உட்கார்ந்துவிட்டான்.

"என்ன மச்சான், தூங்குறதுக்கு வந்ததா?" என்றான் பியசேன. அவன் கினிகத்தேனைக்காரன். சிங்களவன். தமிழ் அவன் வாயில் சிரித்துக்கொண்டே வரும்.

செல்லமுத்து அவன் தொடையைத் தள்ளிப் பார்த்தான். மூச்சுக்குத் தவித்தான்.

"மொதலாளி, எனக்கு ஒரு தேத்தண்ணி சொல்றதுதானே. இவரு முடிக்கிற வரைக்கும் குடிக்கலாம்."

டிக்கெட் ஜன்னல் பக்கத்தில் குடையை ஊன்றி நின்ற முதலாளி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "இதுக்காய்யா எனக்கு அரை மணி நேரம் கதை சொன்ன?"



வாசல் வேலை

போன வாரக் கதையில், ராகலையில் மரக்கறி லொறியோடு அலைந்த காலத்தைச் சொன்னேன். அந்த லொறி மலையிலிருந்து உருண்டு கெட்டபிறகு, நல்ல வேளையாக நான் அதில் இல்லாத நாளில், எனக்குப் போக இடம் இல்லை. அப்பா அதற்கு முந்தின மழைக்காலம் போய்விட்டார். மஸ்கெலியா போகிற பாதையில் ஒரு தோட்டத்தில் தங்கச்சி பேச்சி கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவளுக்கு ஒரு காம்பிரா, ஒற்றை அறை. அதில் அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் எனக்கு ஒரு சாக்கு விரித்தாள். அங்கேயே தங்கிவிட்டேன். தோட்டத்துக்கு விறகு ஏற்றுகிற லொறியில் கிளீனர் வேலை கிடைத்தது.

செல்லமுத்துவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அதில் தூள் சலிக்கிற அறை. வெளியே வரும்போது புருவத்திலும் மூக்கு மயிரிலும் பழுப்பு ஏறியிருக்கும். கல்யாணமான புதிதில் பாட்டுப் பாடுவான் என்று பேச்சி சொல்வாள். நான் வந்தபோது அவனால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. பாதியில் இருமல் வந்து அறுத்துவிடும்.

தோட்டத்து மருந்துக்காரர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "காச நோய் இல்ல. தூளுதான். ஆனா இதே அறையில இருந்தீன்னா காசம் வந்த மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டார். வெளிவேலை கேட்டான். மலையில் ஆள் நிரம்பிவிட்டது என்றார்கள். காம்பிரா பேச்சி பேரிலும் இருந்ததால் அவன் தோட்டத்து வேலையை விட்டாலும் தலைக்கு மேல் கூரை இருக்கும். ஆனால் வெளியே யார் வேலை கொடுப்பார்கள்?

அப்போதுதான் பியசேனவின் பேச்சு வந்தது. விறகு லொறி ஹட்டனில் நிற்கும்போது அவனோடு தேத்தண்ணி குடிப்பது வழக்கம். பஸ்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டு கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அவனுக்குக் கண்டக்டர் வேலை கிடைத்திருந்தது. வருஷப் பிறப்புக்குப் பிறகு போய்ச் சேர வேண்டும். ஆனால் தன் இடத்துக்கு ஓர் ஆளைக் காட்டாமல் முதலாளி விடமாட்டேன் என்கிறாராம்.

"சும்மா ஆள் எடுக்கிறதில்ல. அடிக்கிற ஆள் வேணாம் சொல்றாரு" என்றான் பியசேன. "முன்னால இருந்தவன் ஒரு குடிகாரனுக்கு அடிச்சி, பொலீஸ் வந்து, பெரிய கரைச்சல். அடிக்காம புடிக்கணும். புடிச்சி வெளிய போடணும். பெஞ்சு ஒடையவும் கூடாது."

அடிக்காமல் பிடிப்பது. அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் குறுகுறுத்தது. நானும் செல்லமுத்துவும் பல மாதங்களாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம்!

சாந்தோஸ்காரன்

இது எனக்கு எப்படி வந்தது என்று சொல்லக் கதை கொழும்புக்குப் போக வேண்டும்.

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இருபது வயது வாக்கில் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். என் வயதுக்காரன் ஒருவன் கப்பலில் சமையல்காரனுக்கு எடுபிடியாகப் போய்த் திரும்பியிருந்தான். பேர் மரியதாஸ். யாரும் அந்தப் பேரைச் சொல்வதில்லை. எதற்கெடுத்தாலும் "சாந்தோஸ்ல இப்பிடி இல்ல" என்பான். ஆகையால் சாந்தோஸ்காரன்.

சாந்தோஸ் பிரேசில் நாட்டில் ஒரு துறைமுகமாம். இவனுக்குக் காய்ச்சல் கண்டதால் அங்கே இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. அடுத்த கப்பல் வரும்வரை பல மாதங்கள் தங்கினான். தங்கிய வீட்டின் கீழ்த்தளத்தில் கொஞ்சப் பேர் தடித்த துணியில் சட்டை போட்டுக்கொண்டு தரையில் கட்டிப் புரள்வார்களாம். ஜியு ஜிட்சு என்று பேர். ஆதியில் யாரோ ஒரு ஜப்பான்காரன் அங்கே கொண்டுபோனதாம். சும்மா பார்த்துக்கொண்டிருந்தவனை ஒருநாள் உள்ளே கூப்பிட்டார்கள்.

அவன் என்னைக் கூப்பிட்டதற்கு அன்பு காரணமில்லை. வெளிப்படையாகவே சொன்னான்: "ஒனக்குச் சொல்லிக் குடுக்கணும்னு எனக்கு ஆசையில்லடா. எனக்கு மறந்துகொண்டு போகுது. தனியா செய்ய ஏலாது. ஒரு ஒடம்பு வேணும். நீ வா."

துறைமுகத்துக் கிடங்கில் வெறும் சாக்குகளை அடுக்கி விரித்து, சாப்பாட்டு நேரத்தில் புரண்டோம். அவனுக்கே கொஞ்சப் பிடிகள்தான் தெரியும். கையை மடக்குகிற பூட்டு ஒன்று. காலர் துணியால் கழுத்தை அடைக்கிற பிடி. கீழே கிடப்பவன் இடுப்பைப் பாலம் போல எக்கி மேலே இருப்பவனைக் கவிழ்ப்பது. பிறகு, எனக்கு மிகவும் பிடித்தது: மல்லாந்து கிடந்து, எதிராளியைக் கால்களுக்கு நடுவில் வாங்கி, ஒரு காலை அவன் வயிற்றுக்குக் குறுக்கே வைத்து, இன்னொரு காலைத் தரையோடு வைத்துக் கத்தரிப்பது. பக்கவாட்டில் சாய்ந்துவிடுவான். சாய்ந்ததும் நாம் மேலே.

வலித்தால் தரையைத் தட்ட வேண்டும். தட்டினால் உடனே விட வேண்டும். அதில் மட்டும் சாந்தோஸ்காரன் கண்டிப்பு.

பிறகு அவன் வேறு கப்பல் ஏறிப் போனான். நான் மலையேறினேன். ராகலைக் குளிரில் ஒருநாள் நினைத்துப் பார்த்தேன், கத்தரிப்பில் எந்தக் கால் மேலே, எந்தக் கால் கீழே? தெரியவில்லை. எழுத்து மறந்தது கூட எனக்கு இவ்வளவு வருத்தம் தரவில்லை.

கல்யாணக் கோட்டு

ஆகவே செல்லமுத்துவை நான் பிடித்ததும் எனக்காகத்தான்.

ஆரம்பத்தில் அவன் பயந்தான். "மச்சான், எனக்கு ரெண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குது. நான் எங்க சண்டை போடுறது?"

"ஓட வேணாம் மாப்ள. குதிக்க வேணாம். படுத்துக்கிட்டே செய்யிற சண்டை."

"படுத்துக்கிட்டேவா?" அவன் முகத்தில் முதல் தடவையாக ஆசை தெரிந்தது.

இடம் வேண்டும். லயத்துக்குப் பின்னால், தேயிலை பட்டுப்போய்ப் புல் மண்டிய ஒரு துண்டுச் சரிவு கிடந்தது. அதன் அடியில் மழைத்தண்ணீர் ஓடுகிற கான். செல்லமுத்து ஸ்டோரிலிருந்து வந்து முகம் கழுவியதும் அங்கே போய்விடுவோம்.

சட்டை வேண்டும். பிடித்து இழுத்தால் கிழியாத துணி. தோட்டத்தில் அப்படி இருந்தது ஒன்றுதான். செல்லமுத்துவின் கல்யாணக் கோட்டு. எந்த வெள்ளைக்காரனோ போட்டுக் கழித்து, ஹட்டன் சந்தையில் வாங்கியது. கனத்த கம்பளித்துணி. ஒரு கோட்டு, இரண்டு பேர். ஆகவே முறை வைத்துக்கொண்டோம். கோட்டுப் போட்டவனுக்குக் கழுத்து நெரியும், போடாதவனுக்குக் கை வலிக்கும்.

பேச்சி முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். "அண்ணே! தாலி கட்டினப்ப போட்ட கோட்டுண்ணே அது! ஒங்களுக்குக் கட்டிப் புரள வேற துணி கெடைக்கலியா?"

"கிழியாது பேச்சி."

"கிழிஞ்சா ஒங்க ரெண்டு பேரையும் கிழிச்சிருவேன்."

காலர் கிழிந்தது. திட்டிக்கொண்டே சாக்கு நூலால் தைத்துக் கொடுத்தாள். அந்தத் தையல் அதற்குப் பிறகு பிரியவே இல்லை.

லயத்து ஆட்கள் வாசலில் நின்று பார்ப்பார்கள்.

"ஏப்பா, மச்சானுக்கும் மாப்ளைக்கும் சொத்துத் தகராறா?"

"சொத்து எங்கடி இருக்கு? கோட்டுக்குத்தான் தகராறு!"

மழைக்காலத்தில் அட்டை ஏறும். பிடி முடியும்வரை அட்டையைப் பிடுங்கக் கூடாது என்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம். எத்தனையோ தடவை, பூட்டைவிட அட்டைக்காகவே தரையைத் தட்டியிருக்கிறேன்.

கத்தரிப்பைத் தட்டுத் தடவித் திரும்பக் கண்டுபிடித்தோம். அதற்குக் கவ்வாத்து என்று பேர் வைத்தவன் செல்லமுத்து. தேயிலைச் செடியை அடிக்குக் கிட்ட வெட்டிவிடுவதைக் கவ்வாத்து என்போம். ஆளையும் அடியில் வெட்டுகிறோமே. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் மறுபடி ஆரம்பத்திலிருந்து யோசிக்க வேண்டியிருந்தது. தினம் கொஞ்சம் செய்தபோது யோசனையே வேண்டியிருக்கவில்லை. ஸ்டோரில் சல்லடையைத் தள்ளிக்கொண்டே இடுப்பைத் திருப்பிப் பார்ப்பானாம். கூட வேலை செய்கிறவன், "என்னா செல்லமுத்து, வயித்து வலியா?" என்று கேட்டிருக்கிறான்.

இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டோம். அப்படித்தான் நினைத்தோம். வெட்டினால் ஆள் உருண்டு கான் வரைக்கும் போனான்.

அந்தத் தைரியத்தில்தான் முதலாளியிடம் அரை மணி நேரம் கதை சொன்னேன். பியசேன குடிகாரன் மாதிரி வரட்டும், அடிக்காமல் மடக்கிக் காட்டுகிறோம் என்றேன். அப்புறம் நடந்ததைத்தான் மேலே சொன்னேன்.

வெறுந்தரை

பியசேன எழுந்து செல்லமுத்துவைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். முதலாளி குடையை மடக்கினார்.

"வருஷப் பொறப்புக்கு முன்னால வேற ஆளு வந்தா எடுத்துக்குவேன். வராட்டி நீங்க இன்னொரு தடவை வாங்க. பாவம், இவன் போகணும்னு துடிக்கிறான்."

பஸ் ஏறி இறங்கி வளைந்து போகும்போது செல்லமுத்து இருமிக்கொண்டே வந்தான். இறங்கும் இடத்தில் சொன்னான்: "பரவாயில்ல மச்சான். தூளுக்கும் எனக்கும் பழகிப்போச்சு."

அவன் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் மறுபடி சரிவுக்குப் போனோம். நான் பியசேன மாதிரிக் கனத்து உட்கார்ந்தேன். அவன் வெட்டினான். உருண்டு கானில் விழுந்தேன். மறுபடி. மறுபடியும் கான்.

"இங்க சரியா வருதே! அங்க ஏன் வரல?" என்று கத்தினேன்.

பேச்சி விறகுக் கட்டோடு மேலே நின்றாள். "அண்ணே, ஒங்களை உருட்டினாலும் கான்லதான் விழுறீங்க. உருட்டாட்டியும் கான்லதான் விழுவீங்க. அந்த எடத்துல ஒரு பூசணிக்காய வச்சாலும் அங்கதான் போகும்."

செல்லமுத்து கானைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

சரிவு! கவ்வாத்துப் போடும்போது எப்போதும் சரிவுக்குக் குறுக்கே, ஒரே பக்கம் தலை வைத்துப் படுப்போம். வெட்டுவது எப்போதும் பள்ளத்துப் பக்கம். பாதி வேலையை மலை செய்துகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து சரிவிலேயே நின்று, சரிவிலேயே நடந்து, சரிவிலேயே வேலை செய்த எங்களுக்கு அது சரிவாகவே தெரியவில்லை.

அப்புறம்தான் சாந்தோஸ்காரன் கிடங்கில் கத்தியது ஞாபகம் வந்தது. "இழுடா! மொதல்ல இழு! அவன்ட பாரம் ஒன்ட காலுக்கு மேல வரட்டும். பொறகு வெட்டு!" கோட்டுக் காலரையும் கையையும் பிடித்து முதலில் எதிராளியை முன்னுக்கு இழுக்க வேண்டும். அவன் முழங்காலில் இருக்கிற கனம் கிளம்பி நம்மேல் வந்தபிறகுதான் கால் வேலை செய்யும். சரிவில் இழுக்கத் தேவையே இருக்கவில்லை. தேவைப்படாததால் செய்யவில்லை. செய்யாததால் அப்படி ஒன்று இருந்ததே எனக்கு மறந்துபோனது.

மடுவம்

மலையில் சமதரை தேடிப் பாருங்கள். காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக் களம் சமம், ஆனால் அது தோட்டத் துரையுடையது. கோயில் முற்றம் சமம், அது மாரியம்மனுடையது. ரோட்டில் லொறி வரும். காம்பிராவுக்குள் இரண்டு பேர் புரண்டால் அடுப்பு அணைந்துவிடும்.

மிச்சம் இருந்தது மடுவம். கொழுந்து நிறுக்கிற கொட்டகை. சிமெந்துத் தரை. சாயங்கால நிறுவை முடிந்தால் சும்மா கிடக்கும்.

கணக்கப்பிள்ளை முடியாது என்றார். "கொழுந்து கொட்டுற எடத்துல ஆளு பொரள்றதா? தேயிலையில வேர்வை நாத்தம் அடிச்சா தொரைக்கு யாரு பதில் சொல்றது?"

பேச்சிதான் பேசினாள். "ஐயா, இவுங்க பொரண்டு முடிச்சதும் நான் தரையைக் கழுவிர்றேங்க. இப்ப அங்க நாய் படுக்குதுங்க. நாயைவிட எங்க வீட்டுக்காரரு சுத்தங்க."

"நாய் இருமாதே" என்றார் கணக்கப்பிள்ளை. பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்து அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது போலிருக்கிறது. "சரி சரி. கழுவணும். மறக்கக் கூடாது."

சாக்குகளை விரித்து ஆரம்பித்தோம். புதிதாகக் கற்பது சுலபம். பழகினதைப் பிடுங்குவதுதான் கஷ்டம். இழு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் கால் வெட்டிவிடும். ஆகவே காலை விட்டுவிட்டோம். பல நாட்கள் வெறும் இழுப்பு மட்டும். படுப்பான், காலரைப் பிடிப்பான், இழுப்பான், விடுவான். நான் படுப்பேன், இழுப்பேன், விடுவேன். பிறகு இடது பக்கம், வலது பக்கம் மாற்றி மாற்றி. இடது பக்கம் என் உடம்பு வேறு யாருடையதோ போல இருந்தது.

கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகிற பெண்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

"என்னா பேச்சி, ஒம் புருஷன் நேத்தும் இதான் செஞ்சாரு, இன்னைக்கும் இதான் செய்யிறாரு?"

"நீ நேத்தும் கொழுந்துதான் எடுத்த, இன்னைக்கும் கொழுந்துதான் எடுத்த. நான் கேட்டேனா?"

செல்லமுத்து சாக்கில் கிடந்தபடியே சிரித்தான். சிரிப்பு இருமலாகி, கொஞ்ச நேரம் எழுந்து உட்கார வேண்டியிருந்தது. அப்புறம் மறுபடி காலரைப் பிடித்தான்.

பங்குனி வெயில் தொடங்கிய ஒரு சாயங்காலம், நான் ஒன்றும் சொல்லாமலே அவன் இழுத்தான். என் முழங்கால்கள் தரையில் லேசாயின. அடுத்த கணம் மடுவத்துத் தகரக் கூரை எனக்கு நேரே மேலே தெரிந்தது. அவன் என்மேல் இருந்தான். பள்ளம் இல்லை, கான் இல்லை. அவனே செய்தது.

"வந்திருச்சா மச்சான்?"

"வந்திருச்சு மாப்ள. இன்னொரு தடவை செய்."

மறுபடி முற்றம்

வருஷப் பிறப்புக்கு முந்தின வாரம் ஹட்டனில் கூட்டம். கடைகளில் புதுத்துணி தொங்கியது. கொட்டகையில் புதுப்படம். முதலாளிக்கு வேறு ஆள் கிடைத்திருக்கவில்லை. பியசேனவின் துணிப்பை டிக்கெட் அறையில் கட்டித் தயாராக இருந்தது.

"இன்னைக்கு என்னைப் போக விடு மச்சான்" என்று பியசேன செல்லமுத்துவின் காதில் சொன்னான். "ஆனா சும்மா விழமாட்டேன். மொதலாளிக்கு வெளங்கிரும்."

சும்மா விழவில்லைதான். முன்னைவிடக் கனமாக உட்கார்ந்தான். செல்லமுத்து கல்யாணக் கோட்டோடு சிமெந்தில் கிடந்தான். பியசேனவின் காக்கிச் சட்டைக் காலர் அவன் கையில். இழுத்தான், வெட்டினான். பழைய பக்கம். பியசேன கையை ஊன்றிக்கொண்டான். அவனுக்கு அந்தப் பக்கம் ஏற்கனவே தெரியும்.

செல்லமுத்துவிடம் இன்னொரு பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவனுக்கு ஞாபகம் வருமா என்றுதான் தெரியவில்லை.

வந்தது. கால்களை மாற்றினான். இழுத்தான். பியசேனவின் முழங்கால் சிமெந்தை விட்டுக் கிளம்பியது. வெட்டினான். அவ்வளவு பெரிய ஆள் பக்கவாட்டில் போய்ச் சாய்ந்தான், செல்லமுத்து அவனோடு உருண்டு மேலே வந்து நெஞ்சுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டான். கடைக்காரன் கரண்டியைத் தூக்கி ஏதோ கத்தினான்.

அப்போது இருமல் வந்துவிட்டது.

சாதாரண இருமல் இல்லை. உடம்பு முழுவதும் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வடிந்தது. நான் ஓடப் போனேன். ஆனால் அவன் கை பிடியை விடவில்லை. குலுங்கக் குலுங்க, பாரத்தை மட்டும் கீழே விட்டுக்கொண்டு, பிடித்தபடி கிடந்தான். கீழே பியசேன திமிறிப் பார்த்தான். திமிறிப் பார்த்துவிட்டுச் சிமெந்தைத் தட்டினான்.

முதலாளி பக்கத்தில் வந்து நின்றார்.

"புடி நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்பிடி இருமுற ஆளை வாசல்ல நிறுத்தினா டிக்கெட் எடுக்க வாறவன் திரும்பிப் போயிருவானே."

நான் வாயைத் திறந்தேன். செல்லமுத்து கை காட்டி நிறுத்தினான். மூச்சு வரும்வரை காத்திருந்தான். எல்லாரும் காத்திருந்தார்கள்.

"இது தூளுங்க மொதலாளி. ஸ்டோருத் தூளு. ஒட்டுற நோயி இல்லீங்க, மருந்துக்காரரு பாத்துட்டாரு. தூளை விட்டா போயிரும். விடுறதுக்குத்தாங்க..." மறுபடி நிறுத்தி மூச்சு எடுத்தான். "விடுறதுக்குத்தாங்க இதைப் படிச்சேன்."

முதலாளி பியசேனவைப் பார்த்தார். பியசேன காலரைச் சரிசெய்துகொண்டே, "இருமிக்கிட்டே என்னைப் புடிச்சாரு மொதலாளி. இருமாட்டி என்னா ஆகும்?" என்றான்.

முதலாளி முதல் தடவையாகச் சிரித்தார்.

"உள்ள வேணாம். பீடிப் பொகை. வாசல்லயே நில்லு, காத்துல. மழைக்காலம் முடியிற வரைக்கும் பாப்பேன். அப்பவும் இருமினா நான் பொறுப்பு இல்ல."

திரும்பி வந்தபோது

எனக்கு ஓர் இடத்தில் இருக்க முடியாது. அந்த வருஷமே லொறியை விட்டுவிட்டுத் திருகோணமலைப் பக்கம் போய்விட்டேன். அங்கே பிடித்த வேலை, விட்ட வேலை எல்லாம் வேறு கதை. அங்கே கட்டிப் புரள ஆள் கிடைக்கவில்லை. சூடும் உப்புக்காற்றும்தான்.

மழைக்காலம் முடிந்து கொஞ்ச நாளில் ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கினேன். நேரே கொட்டகைக்குப் போனேன். உள்ளே பயம் இருந்தது. முதலாளி சொன்ன தவணை முடிந்திருந்தது. வாசலில் யாரும் இல்லை. காலை நேரம், கதவு பாதி திறந்திருந்தது. திரைக்குக் கீழே பெஞ்சுகள் இல்லாத இடத்தில் சாக்கு விரித்து, செல்லமுத்துவும் படம் ஓட்டுகிற ஒப்பரேட்டரும் புரண்டுகொண்டிருந்தார்கள்.

"மச்சான்!" என்று எழுந்து வந்தான். முகத்தில் சதை பிடித்திருந்தது. புருவம் கறுப்பாக இருந்தது. அவன் புருவம் கறுப்பு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"இங்கயுமா மாப்ள?"

"செய்யாட்டி போயிருமே. இவனைப் புடிச்சு வச்சிருக்கேன். தெனம் காலையில கொஞ்ச நேரம்."

"குடிகாரனுங்களை நெறையப் புடிச்சியா?"

"ஒருத்தனையும் இல்ல. பக்கத்துல போயி நின்னாலே போயிர்றானுங்க. வாங்க, கோட்டைப் போடுங்க."

போட்டேன். படுத்தேன். அவனைக் கால்களுக்கு நடுவில் வாங்கி வெட்டினேன். அவன் அசையவே இல்லை. எந்தக் கால் மேலே என்று யோசிப்பதற்குள் என்மேல் குறுக்கே ஏறிப் படுத்துவிட்டான். என் காது அவன் நெஞ்சில் அழுந்தியது. ஒப்பரேட்டர் சிரித்தான்.

"நீங்க இழுக்கல மச்சான்," என்று செல்லமுத்து மேலேயிருந்து சொல்லத் தொடங்கினான், "மொதல்ல இழுக்கணும், எம் பாரம் ஒங்க காலுக்கு வரணும், அதுக்கு முன்னால வெட்டினீங்கன்னா நான் இப்பிடித்தான் தாண்டி வருவேன், நேத்து இவனும் இதேதான் செஞ்சான், இடுப்பைக் கொஞ்சம் வெளிய எடுங்க, அவசரமில்ல, சாயங்காலம் வீட்டுக்கு வாங்க, பேச்சி ஒங்களைப் பாத்தா என்னா சந்தோஷப்படுவா தெரியுமா, ரெண்டு நாளு தங்கினீங்கன்னா மடுவத்துல போயி இடது பக்கத்தையும் பாத்துரலாம்..."

பேசிக்கொண்டே போனான். எங்கேயும் நிற்கவில்லை. அவன் நெஞ்சுக்குள் காற்று போவதும் வருவதும் என் காதுக்குத் தெளிவாகக் கேட்டது. எழுந்திருக்க எனக்கு அவசரம் இருக்கவில்லை.